கோச்சும் சேர்ந்து ஆடலாமா? கால்பந்துப் பயிற்சியில் வீரர்களோடு களமிறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், ஒரு ஆள் குறையுது. நீங்க வாங்க சார்."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதின்மூன்று பையன்கள் வந்து நிற்கும் மைதானத்தில் இந்தக் குரல் எழாமல் இருக்காது. ஆறுக்கு ஆறு பிரித்தால் ஒருவன் மிஞ்சுகிறான். ஏழுக்கு ஏழு என்றால் ஓர் ஆள் வேண்டும். பந்து காலடியில் கிடக்கிறது. நாமும் ஆடி வளர்ந்தவர்கள்தான், ஆசை விடுமா? அணியைப் பிரித்துக்காட்டப் போடும் பிப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

வட சென்னையில் ஒரு மாநகராட்சி மைதானத்தில் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் ஒரு நாள் விடாமல் அவர்களோடு ஆடினேன். பிறகு ஒரு முழு வருடம் பந்தைத் தொடவே மாட்டேன் என்று பிடிவாதமாகக் கோட்டுக்கு வெளியே நின்றேன். இரண்டிலும் பையன்களுக்கு நஷ்டம்தான் என்று இப்போது தெரிகிறது. எந்த வேலைக்காக இறங்குகிறோம், யாரோடு, எத்தனை நிமிடம் என்பதை ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால், கோச் உள்ளே வருவது வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத ஒன்றைப் பையன்களுக்குக் கொடுக்கும். அப்படி முடிவு செய்யாமல் இறங்கினால் அவர்கள் ஆட வேண்டிய நேரத்தை நாம் ஆடிக்கொண்டிருப்போம்.

புதிதாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருப்பவர்களையும், தனியாளாக ஒரு கேம்ப் நடத்துபவர்களையும், இன்னும் லீக்கில் ஆடிக்கொண்டே ஜூனியர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்

வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் பையன் எப்போதும் ஒருவன் இருப்பான். அவனிடம் நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஆடுகிற எல்லோருடைய பெயரையும், உங்கள் பெயரையும் சேர்த்து, வரிசையாக எழுதச் சொல்லுங்கள். யார் காலுக்குப் பந்து வந்தாலும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. பன்னிரண்டு நிமிடம் போதும்.

நான் இதைச் செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழங்காலில் துணி சுற்றிய பையன் மதில் ஓரம் உட்கார்ந்து எண்ணினான். ஆட்டம் முடிந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். "சார்" என்று எழுதியிருந்த இடத்தில் முப்பத்தொரு கோடு. எனக்கு அடுத்தபடி அதிகம் வாங்கியவனுக்குப் பதினான்கு. இடது ஓரத்தில் ஆடிய ஒரு பையனுக்கு மூன்றே மூன்று. அவன் அன்று நன்றாக ஆடினான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டே இருந்தான், கை தூக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். சார் பக்கத்தில் நின்று "கொடு" என்றால் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு மனசு வராது. கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள், மரியாதை அப்படி. சாருக்குக் கொடுத்தால் பந்து பறிபோகாது, பறிபோனாலும் பழி நம்மேல் வராது என்ற நிம்மதியும் உண்டு. ஆளில்லாத இடத்தில் நிற்பவனைத் தேடிக் கொடுக்கப் பழக வேண்டிய வயதில் சார் எங்கே என்று தேடிக் கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். மேட்ச் அன்று சார் டச் லைனுக்கு வெளியே இருப்பார். அப்போது முழிப்பார்கள்.

படி 2: உள்ளே போனால் கண் போகும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

நடுக்களத்தில் நின்று ஆடும்போது பந்து தெரியும், பந்து வைத்திருப்பவன் தெரியும், நம்மை மார்க் செய்பவன் தெரியும். எதிர்ப்பக்க ஓரத்தில் தடுத்தாடும் ஃபுல்பேக் எங்கே நிற்கிறான், கீப்பர் கோல் லைனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறானா, எவன் பத்து நிமிடமாகத் தண்ணீர் குடிக்காமல் வாடுகிறான் என்பதெல்லாம் தெரியாது.

வெளியே நின்று முழுக் கவனமாகப் பார்ப்பவருக்கே நினைவு ஏமாற்றும். இயன் ஃபிராங்க்ஸ், கேரி மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986ல் கால்பந்துப் பயிற்சியாளர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதி ஆட்டத்தைப் பார்த்தவர்களிடம் முக்கியமாக என்னென்ன நடந்தது என்று கேட்டபோது, பாதிக்கும் குறைவாகத்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. பார்ப்பதை மட்டுமே வேலையாக வைத்திருந்தவர்கள் நிலை இது. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே பார்க்கும் நமக்கு எவ்வளவு மிஞ்சும்?

அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அணிக்கு மேனேஜராக இருந்தபோது எல்லாப் பயிற்சியையும் தானே நடத்துவார். அவருடைய உதவிப் பயிற்சியாளர் ஒரு நாள் மனம் விட்டு, என்னை எதற்கு இங்கே கூட்டிவந்தீர்கள், எனக்கு இங்கே வேலையே இல்லையே என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு பயிற்சியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஃபெர்குசன் நின்று பார்க்கத் தொடங்கினார். முதலில் மனசு ஒப்பவில்லை என்றும், ஆனால் ஒரு வீரனின் பழக்கம் மாறுவதும் உற்சாகம் திடீரென்று குறைவதும் அப்படி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

வெளியே நிற்பது சும்மா நிற்பதும் இல்லை. இத்தாலியரான எர்மானோ ரம்பினினியும் கூட்டாளிகளும் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சிறு அணி ஆட்டங்களில் கோச் வெளியே இருந்து குரல் கொடுத்து ஊக்கப்படுத்தினால் வீரர்களின் இதயத் துடிப்பும் உழைப்பும் கூடுகிறது என்று காட்டியது. நாம் உள்ளே போய் ஓடினால்தான் அவர்கள் ஓடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். குரலுக்கும் ஓடுவார்கள்.

ஆகவே கணக்கு எளிது. உள்ளே போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் கண்ணைக் கொடுத்துத்தான் விலை கட்டுகிறோம். அந்த விலைக்கு ஈடாகப் பையன்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

படி 3: என்ன வேலைக்காக இறங்குகிறீர்கள்?

பயிற்சித் திட்டம் எழுதும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று நான் எந்தப் பகுதியில், என்னவாக இறங்குகிறேன். எழுத முடியவில்லை என்றால் அன்று இறங்க வேண்டாம். எனக்குப் பலன் தந்த வேலைகளைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே எடை அல்ல.

செய்துகாட்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. பாதத்தின் உட்பக்கத்தால் அடிக்கும் இன்சைடு பாஸில் தாங்குகால் எங்கே ஊன்ற வேண்டும் என்பதை வாயால் பத்து வரி சொல்வதைவிட இரண்டு முறை அடித்துக்காட்டலாம். பேசாமல் காட்டுங்கள். பேசிக்கொண்டே காட்டினால் முகத்தைப் பார்ப்பார்கள், காலைப் பார்க்க மாட்டார்கள். முப்பது விநாடியில் முடித்துவிடுங்கள். உங்களைவிட நன்றாகச் செய்யும் பையன் இருந்தால் அவனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தன் வயதுக்காரன் செய்யும்போது "நம்மாலும் முடியும்" என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வருகிறது.

பந்து போட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். கிராஸ், ஹெட்டிங், கீப்பர் பயிற்சி இவற்றுக்கெல்லாம் ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் பந்து வர வேண்டும். சின்னப் பையன் போட்டால் ஒன்று வானத்துக்குப் போகும், ஒன்று தரையில் உருளும். நாம் போட்டால் கீப்பருக்கு நிமிடத்துக்கு ஏழெட்டு முறை சரியான பந்து கிடைக்கும்.

ஆனால் கோச் இறங்கி ஆடுவதில் தலையாயது என்று நான் நினைப்பது எதிராளியாக நிற்பதைத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் ஒரு ஸ்டாப்பர் பையன், அதாவது நடுவில் நின்று தடுத்தாடுபவன், இருந்தான். பதினைந்து வயது, நல்ல உயரம், தைரியசாலி. அவனிடம் ஒரே ஒரு குறை. கீப்பரிடமிருந்து பந்து வரும்போது நம் கோலைப் பார்த்தபடியே நின்று வாங்குவான். பின்னால் யார் வருகிறான் என்று தெரியாது. மேட்சில் இரண்டு கோல் இதனால் போனது. "திரும்பிப் பாருடா" என்று இருபது முறை சொல்லியிருப்பேன், தலையாட்டுவான். எதிராளியாக இன்னொரு பையனை நிறுத்திப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் பாய்ந்து பந்தைப் பறித்தான். இவன் பயந்து பந்தை வெளியே அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் நானே எதிராளியாக நின்றேன். முதல் பந்துக்கு அவன் கண்ணில் படாத பக்கமாக மெதுவாக நடந்து போனேன். அவன் வாங்கித் திரும்பும்போது என் கால் பந்தின் மேல் இருந்தது. இரண்டாவது பந்துக்கும் அப்படியே. மூன்றாவது முறை, பந்து கீப்பர் காலை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் தலை சட்டென்று தோளுக்கு மேல் திரும்பியது. நான் வந்துகொண்டிருந்தேன், ஆனால் வேண்டுமென்றே இரண்டடி தாமதித்தேன். உடம்பைப் பாதி திறந்து வாங்கி எனக்கு மறுபக்கமாகப் போய்விட்டான். நான்காவது முறை கொஞ்சம் வேகம் கூட்டினேன். ஆறாவது முறை உண்மையாகவே ஓடினேன், அப்போதும் தப்பித்தான். மொத்தம் பத்து பந்து, எட்டு நிமிடம்.

இதைச் செய்ய கோச்சால்தான் முடியும். எப்போது விட வேண்டும், எப்போது நெருக்க வேண்டும் என்ற அளவு நம் கையில் இருக்கிறது. அவன் வயதுப் பையனுக்கு ஜெயிப்பது ஒன்றுதான் குறி, அதுதான் நியாயமும்கூட. நார்வேக்காரர் கெயிர் யோர்டெட் பந்து வருவதற்கு முன் வீரர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று வருடக்கணக்காக ஆராய்ந்தவர். அதிகம் பார்த்துவிட்டு வாங்குபவர்களின் பாஸ் சரியாகப் போய்ச் சேர்வதும் அதிகம் என்பது அவர் கண்டது. அந்தப் பார்வையைப் பழக்கிவிட, பின்னால் வந்து நிற்கும் ஓர் அளவான ஆபத்தைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஜோக்கர். நான்குக்கு நான்கு, முப்பதுக்கு இருபது மீட்டர் கட்டம், எந்த அணியிடம் பந்து இருக்கிறதோ அந்த அணிக்கு ஆடும் ஒன்பதாவது ஆள். கோச் ஜோக்கராக இருந்தால் பந்து நிற்காமல் ஓடும், ஆட்டத்துக்கு ஒரு தாளம் வரும். ஆனால் படி 1ல் சொன்ன நோய் இங்கேதான் அதிகம். அதற்கு மூன்று மருந்து வைத்திருக்கிறேன். ஒரே டச். கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்கக் கூடாது. கட்டத்துக்கு உள்ளே வராமல் ஓரக்கோட்டில் மட்டும் நகர வேண்டும். ஓரத்தில் நின்றால் முழுக் கட்டமும் கண்ணில் இருக்கும், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளே இருந்துகொண்டே ஓரளவு பார்க்கவும் முடிகிற இடம் இது ஒன்றுதான்.

கடைசியாக, ஆள் குறைகிறது என்பதற்காக இறங்குவது. பதின்மூன்று பேர் வந்தால் ஒருவனை ஜோக்கராக்கி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றலாம். ஏழுக்கு ஆறு ஆட விட்டு, ஆறு பேர் அணிக்கு "உங்க ஆளுக்கு ரெட் கார்டு, ஒரு கோல் முன்னிலை, இன்னும் பத்து நிமிஷம், தாக்குப்பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் இறங்கியிருந்தால் கிடைக்காத பாடம் அது. ஆள் குறைவு என்பதை மட்டுமே காரணமாக வைத்து நான் இறங்குவதை நிறுத்தி ஏழெட்டு வருடமாகிறது.

படி 4: உங்களுக்கு நீங்களே விதி போட்டுக்கொள்ளுங்கள்

இந்த விதிகளைப் பையன்களுக்கும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மீற முடியாது.

கோல் அடிக்கக் கூடாது. இரண்டு டச்சுக்கு மேல் கூடாது. கத்திப் பந்து கேட்கக் கூடாது. சறுக்கி டேக்கிள் அறவே கிடையாது. ஆட்டத்தில் இறங்கும் நேரம் எட்டு முதல் பத்து நிமிடம், அதை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விசிலும் வேறொருவர் கையில். தனக்கு எதிராகத் தானே ஃபவுல் ஊதும் ரெஃபரியைப் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

உடம்பால் மோதக் கூடாது என்பதை நான் கற்றது வேதனையான விதத்தில். பதினேழு வயதுப் பையன் ஒருவன் என் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டுத் தாண்டி ஓடினான். மைதானமே கத்தியது. நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த முறை அவன் பந்தோடு வந்தபோது நான் தோளால் கொடுத்த இடி தேவைக்கு அதிகம். நாற்பது வயது உடம்பின் முழு எடையோடு இடித்தேன். கையை ஊன்றி விழுந்தான், மணிக்கட்டு வீங்கிவிட்டது. "பரவால்ல சார், ஒண்ணுமில்ல சார்" என்று அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். ராத்திரி அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் அவனால் ஆட முடியவில்லை. அந்த வருட ஸ்கூல் டோர்னமெண்ட் அவனுக்குப் போனது.

சுற்றி நிற்பவர்கள் பாஸ் கொடுக்க, நடுவில் நிற்பவர்கள் பறிக்கப் பார்க்கும் ராண்டோவில் இறங்கினால் இன்னொரு விதி. பந்தை விட்டால் நடுவில் போக வேண்டும். சாருக்கு மட்டும் விலக்கு என்று ஆரம்பித்தால் நாளை கேப்டனும் விலக்குக் கேட்பான். நான் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று நான்கு பாஸ் சுற்றிச் சுற்றிப் போகும்போது பையன்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். வழக்கமாக வாயே திறக்காத பையன்கூட அப்போது "இங்க, இங்க" என்று குரல் கொடுப்பான்.

படி 5: வயதுக்கு வயது வேறு

ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு தாராளமாக ஆடுங்கள். அந்த வயதில் கோச் துரத்தும் திருடனாக இருந்தால் அவர்கள் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ள எதையும் செய்வார்கள். பந்தைப் பறிப்பது போலப் பாவனை செய்யுங்கள், கடைசி நொடியில் தவறவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு பெரிய ஆள் அடிக்கும் பந்து அந்த உயரத்தில் நேரே முகத்துக்குத்தான் போகும். எட்டு வயது வரை 3ஆம் அளவுப் பந்து, பன்னிரண்டு வரை 4ஆம் அளவு. நீங்கள் பந்தை உருட்ட மட்டும் செய்யுங்கள், அடிக்க வேண்டாம்.

பத்து முதல் பதினான்கு வரைதான் நான் எதிராளியாகவும் ஓர ஜோக்கராகவும் அதிகம் இறங்குவது. உடனே பிடித்துக்கொள்ளும் வயது.

பதினைந்துக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உங்களைத் தாண்டிவிட வேண்டும் என்ற வெறி இருக்கும், உங்களுக்குள்ளும் விட்டுக்கொடுக்காத ஒருவன் இருப்பான். மேலே சொன்ன மணிக்கட்டு அங்கேதான் வீங்கியது.

பெண்கள் அணிக்கு ஆண் பயிற்சியாளர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடல் உரசும் எந்த வேலையிலும் நீங்கள் இறங்கக் கூடாது. எதிராளியாக நிற்க வேண்டிய இடத்தில் சீனியர் வீராங்கனை ஒருவரைப் பழக்கிவிடுங்கள். பந்து போட்டுக் கொடுப்பது, ஓரத்தில் நின்று பாஸ் திருப்புவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மைதானத்தில் இன்னொரு பெரியவர், முடிந்தால் ஒரு பெண்மணி, எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கடத்துக்கு இடமே வைக்கக் கூடாது.

படி 6: உங்கள் உடம்பு

நெதர்லாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் யோஹன் க்ரைஃப் பின்னாளில் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வீரர்களோடு பந்தைத் தட்டி ஆடுவார். அந்த வயதிலும் அவர் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. சிகரெட் நிறையப் பிடிப்பவர். 1991 பிப்ரவரியில், 43 வயதில், நெஞ்சுக் கோளாறுக்காக அவசரமாக பைபாஸ் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதோடு சிகரெட்டை விட்டார். அடுத்த வருடமே அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

நாற்பதைத் தாண்டியவர்கள் மைதானத்தில் ஓட ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். ஆடும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைப் பக்கம் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் கேஸ் டிரபிள் என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுத் தொடராதீர்கள். உட்காருங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரிய பையன்கள் இருவருக்காவது அந்த எண்ணும், உங்கள் வீட்டு எண்ணும், உங்கள் போனைத் திறக்கும் விதமும் தெரிந்திருக்கட்டும். தனியாளாகக் கேம்ப் நடத்துபவர் சாய்ந்தால் இருபது பிள்ளைகள் திக்கற்று நிற்பார்கள்.

குதிகால் தசைநார் அறுவதும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களுக்கே அதிகம். கோன் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, உடம்பு சூடாகாமல் திடீரென்று ஸ்பிரிண்ட் எடுக்கும்போதுதான் நடக்கிறது. ஃபிஃபா 11+ என்ற வார்ம்அப் முறை இருக்கிறது. மூன்று பகுதி, பதினைந்து பயிற்சி, மொத்தம் இருபது நிமிடம்: எட்டு நிமிட ஓட்டம், பத்து நிமிடம் தசை வலுவும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். பையன்களுக்குச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்காமல் நீங்களும் சேர்ந்து முழுதாகச் செய்யுங்கள். நான் தினமும் தவறாமல் அவர்களோடு சேர்ந்து செய்வது இது ஒன்றுதான். முழங்கால் உள்பக்கம் மடங்காமல் குதித்து இறங்குவதை கோச்சே செய்தால் பையன்கள் ஏமாற்ற மாட்டார்கள்.

படி 7: நீங்கள் இன்னும் ஆடும் வீரர் என்றால்

ஆட்டக்காரரே பயிற்சியாளராகவும் இருப்பது புதிதல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் கென்னி டால்கிளிஷ் 1985-86 பருவத்தில் இரண்டு வேலையும் பார்த்தார். 1986 மே 3 அன்று செல்சியின் மைதானத்தில் லீக் பட்டத்தை உறுதி செய்த ஒரே கோலை அடித்தவரும் அவரே. நம் நாட்டில் 2014ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியபோது சென்னையின் எஃப்சிக்கு மார்கோ மாடராஸி வீரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அதே வருடம் கேரளா பிளாஸ்டர்ஸின் கீப்பராகவும் மேனேஜராகவும் இருந்த டேவிட் ஜேம்ஸ் அந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். மறு வருடம் டெல்லியில் ராபர்டோ கார்லோஸ், மும்பையில் நிக்கோலா அனெல்கா.

இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நம் லீக் அணிகளில் சிலர் நியாயம் பேசுகிறார்கள். டால்கிளிஷ் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்கு முன் அந்த அணிக்குப் பட்டங்களை அள்ளித் தந்த பாப் பெய்ஸ்லி ஆலோசகராக இருந்தார். ரோனி மோரன், ராய் எவன்ஸ் போன்ற பழுத்த பயிற்சியாளர்கள் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். அவர் ஆடியபோது அவருக்குப் பதிலாகப் பார்க்கக் கண்கள் இருந்தன.

உங்களுக்கு அப்படி ஓர் ஆள் இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள். முன்பு ஆடிய ஓர் அண்ணன் போதும். யாரை எடுப்பது, யாரை எப்போது மாற்றுவது என்பதில், குறைந்தது உங்கள் இடத்தைப் பொறுத்தாவது, அவர் சொல்வதே முடிவு என்று அணிக்கு முன்னால் அறிவித்துவிடுங்கள். உங்கள் இடத்துக்குப் போட்டியிடும் பையனை நீங்களே பெஞ்சில் உட்கார வைக்கும் நிலை வந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவன் நம்ப மாட்டான்.

படி 8: ஒரு மாலை, மணிக்கணக்கோடு

நான் செவ்வாய்க்கிழமைகளில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நடத்துவதை அப்படியே தருகிறேன். பதினாறு பையன்கள், நான், உதவிக்கு முன்னாள் மாணவன் ஒருவன்.

4.45க்கு 11+ வார்ம்அப், எல்லோரோடும் நானும்.

5.05க்கு ராண்டோ, ஐந்துக்கு இரண்டு, இரண்டு கட்டம். மீதி இரண்டு பேர் உதவியாளரோடு சுவரில் பாஸ் அடித்துக்கொண்டிருந்து மாறி மாறி வருவார்கள். முதல் மூன்று நிமிடம் மட்டும் ஒரு கட்டத்தில் ஒருவனுக்குப் பதிலாக நான். பந்தின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அவர்கள் காதுக்குக் கேட்டுவிடும். நன்றாக அடித்த பாஸுக்கு ஒரு சத்தம் உண்டு, அது வந்ததும் நான் வெளியே.

5.20க்கு, எதிராளியை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து பந்தை எடுத்துவருவது. எதிராளி நான். டிஃபெண்டர் நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்து பந்து. மற்றவர்கள் அந்தப் பக்கம் உதவியாளரோடு ஷூட்டிங்.

5.45 முதல் 6.15 வரை எட்டுக்கு எட்டு. இதில் நான் இறங்கவே மாட்டேன், யார் கெஞ்சினாலும். இதுவரை சொல்லிக்கொடுத்தது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரம் இது. கோல் போஸ்டுக்குப் பின்னால் பத்து நிமிடம், பக்கவாட்டில் பத்து நிமிடம், எதிர்ப்பக்கம் பத்து நிமிடம் என்று இடம் மாறி நிற்பேன். ஒரே இடத்தில் நின்றால் பக்கத்தில் ஆடும் நான்கு பேரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கூட்டிப் பார்த்தால் வார்ம்அப் போக நான் உள்ளே இருப்பது சுமார் இருபத்தைந்து நிமிடம். தனியாளாக நடத்துபவர் இதை எட்டு பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கத்தைக் கவனிக்க ஆளில்லாதபோது அதுவே உச்சவரம்பு.

படி 9: வெளியே வருவது

இறங்குவதைவிட இது கடினம். ஆட்டம் சூடு பிடித்திருக்கும், நம் காலும் இப்போதுதான் ஒத்துழைக்க ஆரம்பித்திருக்கும். "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்பார்கள். இறங்கும்போதே "பத்து நிமிஷந்தான், அப்புறம் என் இடத்துல இவன் வருவான்" என்று ஒருவன் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவன் தயாராக நிற்பான். நேரம் வந்ததும் பிப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோட்டைத் தாண்டுங்கள்.

நேரம் வராவிட்டாலும் சில அறிகுறி தெரிந்தால் உடனே வந்துவிட வேண்டும்: ஸ்கோர் என்ன என்று மனசு எண்ணத் தொடங்குவது, தப்பான பாஸ் கொடுத்த பையன்மேல் ஆட்டக்காரனாகக் கோபம் வருவது, மூச்சு வாங்குவதால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது.

வெளியே வந்ததும் முதல் வேலை, உதவியாளரிடம் "நான் உள்ள இருந்தப்ப என்ன பார்த்த?" என்று கேட்பது. முதல் சில நாள் "எல்லாம் நல்லா இருந்துச்சு சார்" என்பான். விடாதீர்கள். மூன்று பையன்கள் பெயரைச் சொல்லி, அவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒரு மாதத்தில் அவனுக்கும் கண் திறக்கும். வீட்டுக்குப் போய் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இன்று இறங்கியதால் யாருக்கு என்ன கிடைத்தது? இறங்கியதால் யாரைப் பார்க்கத் தவறினேன்?

மாதம் ஒருமுறை அந்தக் கோடு போடும் கணக்கையும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள்: நீங்கள் உள்ளே இருந்த பன்னிரண்டு நிமிடம், இல்லாத பன்னிரண்டு நிமிடம். எங்கள் நோட்டில் அந்த இடது ஓரப் பையனுக்கு முதல் பத்தியில் மூன்று, இரண்டாவதில் ஒன்பது. ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில், எண்ணிக்கொண்டிருந்தவன் சின்னதாக ஒரு பந்து வரைந்து "கோல்" என்று எழுதி வைத்திருந்தான்.